லீவு முடிய இன்னும் சில வாரம்: கைக்குழந்தை, கோடை, வேலை

பிரசவ விடுப்பும் கோடையும் ஒன்றாக முடியும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை. பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்ததால், எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டோம்.

மூத்தவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்கு ஏழு மாதம். வேலையில் சேர ஒன்பது வாரம் இருக்கிறது. பிள்ளைகளோடு இந்தக் கோடையை நிம்மதியாகக் கழிக்க ஆசை. அதற்குள் பாட்டில், தூக்கம், காப்பகம் எல்லாம் பழக்க வேண்டுமே என்ற பதற்றமும் கூடவே வருகிறது. எதை எப்போது தொடங்குவது?

வேலையில் சேரும் நாளிலிருந்து காலண்டரில் பின்னோக்கி எண்ணுங்கள். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணினால் ஒன்பது வாரமும் தயாரிப்பிலேயே கரைந்துவிடும்.

சேருவதற்கு 4 வாரம் இருக்கும்போது பாட்டில் அல்லது கப், கூடவே பால் சேமிப்பு. 3 வாரம் இருக்கும்போது காப்பகத்துக்கு முதல் தடவையாக அரைமணி நேரம் போய் வருவது. தூக்க நேரத்தை நகர்த்தத் தொடங்குவதும் அப்போதுதான். 2 வாரம் இருக்கும்போது காப்பகத்தில் அரை நாள், பிறகு முக்கால் நாள். கடைசி வாரத்தில் இரண்டு காலை ஒத்திகை. அதற்கு முந்தைய ஐந்து வாரமும் முழுக்க உங்களுடையவை. இப்போதே பாட்டில் பழக்கி, பிறகு ஒரு மாதம் கொடுக்காமல் விட்டால் குழந்தை மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்றைக்கே ஆறரைக்கு எழுப்பிப் பழக்கினாலும் அது நிற்காது, ஒரு நீண்ட பயணத்தில் கலைந்துவிடும்.

கடைசி நான்கு வாரத்தில் வேறு எந்தப் பழக்கத்தையும் மாற்றாதீர்கள். தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, சூப்பானை நிறுத்துவது, மூத்தவனுக்கு டயப்பரை விடுவிப்பது எல்லாம் இதில் அடக்கம். டயப்பரை விடுவிக்கக் கோடை நல்ல காலம்தான், உடுப்பு குறைவு, துவைத்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பிடிபடவில்லையென்றால் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, நீங்கள் வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியூர்ப் பயணம் இருந்தால், சேரும் நாளுக்கு மூன்று வாரம் முன்பாவது வீடு திரும்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெளி நிகழ்ச்சி போதும், அதுவும் காலையில். வெயில் கடுமையாக இருக்கும் 10 மணியிலிருந்து 4 மணி வரை நிழலோ வீடோதான். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு தடவுங்கள். இரண்டு மணிக்கொரு முறையும், தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருந்தால் க்ரீமை நம்பாமல் நிழலும் தொப்பியும் முழுக்கை உடுப்பும். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துகிறவர்கள் நிறையப் பேர். நிழல் கிடைக்கும் என்றுதான் செய்கிறார்கள், ஆனால் காற்று ஓடாமல் உள்ளே சூடு ஏறிவிடும். குடையோ வண்டியின் கூரையோ போதும்.

குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ஃப்ரீசர் நிறையப் பால் சேர்த்து வைத்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்கிறார்கள். எவ்வளவு வேண்டும்?

ஃப்ரீசர் நிறைய வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும். மணிக்கு ஏறக்குறைய 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர நேரத்தையும் சேர்த்து நீங்கள் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் 270 முதல் 300 மில்லி தேவை. முதல் நாள் வேலையிடத்தில் எடுக்கும் பால் இரண்டாம் நாளுக்கு, இரண்டாம் நாளுடையது மூன்றாம் நாளுக்கு என்று சுழலும். ஆகவே முதல் நாளுக்கு ஒரு பங்கும், கொட்டிப்போனால், பம்ப் பழுதானால் என்று கையிருப்பாக ஒன்றிரண்டு பங்கும் போதும். மொத்தம் 600 முதல் 900 மில்லி.

இதைச் சேர்க்க தினம் ஒரே ஒரு தடவை கூடுதலாக எடுத்தால் போதும். காலையில் முதல் பால் கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள், அப்போதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பு அதிகம். 30 மில்லிதான் வந்தது என்று கவலைப்பட வேண்டாம். குழந்தை குடித்த மிச்சம் அது. மூன்று வாரத்தில் 600 மில்லி தாண்டிவிடும். ஒரு நாளைக்கு நான்கு தடவை எடுத்துக் குவிக்கப் போனால் உடம்பு அந்தக் கணக்குக்கே சுரக்கப் பழகி, மார்பு கட்டிக்கொள்ளும், பால் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

சேமிப்பது இப்படி. ஒரு பையில் 60 முதல் 120 மில்லிக்கு மேல் வேண்டாம். பெரிய பையை உருக்கிவிட்டு மிச்சத்தைக் கொட்டும்போது மனசு கேட்காது. உறையும்போது பால் விரியும் என்பதால் மேலே இரண்டு விரல் அகலம் இடம் விடுங்கள். தேதி எழுதி, படுக்கை வசமாக வைத்து உறைய விட்டால் இடமும் மிச்சம், சீக்கிரமும் உருகும். கதவுத் தட்டு வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். புதிதாக எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் நன்றாக இருக்கும், 12 மாதம் வரை ஏற்கத்தக்கது. கோடையில் அந்த 4 மணி நேரத்தை நம்பாதீர்கள், எடுத்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம் தாங்கும். வெதுவெதுப்பான புதுப் பாலை உறைந்த பாலின் மேல் ஊற்றக் கூடாது, ஆற வைத்துச் சேருங்கள்.

உருக்க, முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் பையை வையுங்கள். முழுக்க உருகிய பிறகு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே ஒன்றிரண்டு மணி நேரம். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. மேலே தொட்டால் இளஞ்சூடு, நடுவில் நாக்கைச் சுடும் சூடு என்று அது ஒரே சீராகக் காய்ச்சாது. கொழுப்பு மேலே பிரிந்து நிற்பது கெட்டுப்போன அறிகுறி அல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

திடீரென்று பால் குறைந்ததாகத் தோன்றினால், உங்கள் உடம்பைக் குறை சொல்லுமுன் பம்பின் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அந்தச் சின்ன ரப்பரில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் இழுவை போய்விடும். அது தேயும் பாகம், ஒன்றை எப்போதும் உபரியாக வைத்திருங்கள். மார்பில் பொருத்தும் புனலின் அளவையும் கவனியுங்கள். காம்பு பக்கச் சுவரில் உரசினால் புனல் சிறிது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. இரண்டிலும் வலிக்கும், பாலும் குறையும். வேலையிடத்தில் ஏறக்குறைய மூன்று மணிக்கொரு தடவை, 15 முதல் 20 நிமிடம் எடுக்க இப்போதே இடமும் நேரமும் கேட்டு வைத்துவிடுங்கள். முதல் நாள் போய்க் கேட்டால் சாமான் அறையைத்தான் காட்டுவார்கள்.

உறைய வைத்த பால் சோப்பு வாசம் அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பாலிலேயே உள்ள லிபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாசம் அது, சிலருக்குக் கூடுதலாக இருக்கும். குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுங்கள். பல குழந்தைகள் மறுப்பதுதான் தொல்லை. அதனால் ஃப்ரீசரை நிரப்புமுன் ஒரே ஒரு பையை ஐந்து நாள் வைத்து, உருக்கி முகர்ந்து பாருங்கள். வாசம் வந்தால், இனி எடுக்கும் பாலை உறைய வைக்குமுன் பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை (சுமார் 82 டிகிரி, கொதி வரக் கூடாது) சூடாக்கி, உடனே குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி உறைய வையுங்கள். சூடாக்கினால் பாலின் பாதுகாப்புச் சத்தில் கொஞ்சம் குறையும், ஆகவே சேமிக்கும் பங்குக்கு மட்டும் செய்தால் போதும். ஏற்கெனவே உறைந்ததைத் திருத்த முடியாது. புதுப் பாலோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். புளித்த நாற்றம் அடித்தால் மட்டும் கொட்டுங்கள்.

பேத்திக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. மருமகள் வேலைக்குப் போனால் பாட்டிலில் நான்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலைக் கண்டாலே வீறிடுகிறாள். நாலைந்து வகை நிப்பிள் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

நிப்பிளை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. ஒவ்வொன்றும் குழந்தைக்குப் புதுப் பொருள். மெதுவாகச் சொட்டும் ஒன்றைத் தேர்ந்து நான்கு நாளாவது அதையே வைத்திருங்கள்.

பசியில் துடிக்கும்போது கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது அவளுக்குப் பழகிப் பார்க்கப் பொறுமை இருக்காது. பால் குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து, விளையாடிக்கொண்டிருக்கும் வேளையில் 20, 30 மில்லி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுத்த அறையில் இருந்தால் போதாது, வீட்டை விட்டே வெளியே போக வேண்டும். மடியில் சாய்த்துப் பிடிக்காதீர்கள். அந்தப் பிடிக்கு அவள் எதிர்பார்ப்பது வேறு. நிமிர்த்தி உட்கார வைத்து, முகம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். நிப்பிளை வெந்நீரில் நனைத்து வெதுவெதுப்பாக்கி, கீழுதட்டில் தொட்டுக் காத்திருங்கள். அவளாக வாய் திறந்தால் மட்டும் உள்ளே. பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடித்து, நாலைந்து விழுங்கலுக்கு ஒரு முறை இறக்கி இளைப்பாற விடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழுதால் அன்றைக்கு அதோடு சரி. ஒரு நாளைக்கு ஒரே முயற்சி.

பத்துப் பதினைந்து நாளாகியும் மசியவில்லையென்றால் பாட்டிலை மறந்துவிடுங்கள். ஆறு மாதக் குழந்தை சின்னத் திறந்த கப்பிலேயே உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். பாதி சிந்தும், அவ்வளவுதான். பிறகு கழுவக் கூடுதலாக ஒரு சாமான் இல்லாத லாபமும் உண்டு.

மருமகள் சேர்ந்த முதல் வாரங்களில் பகலில் கொஞ்சமே குடித்துவிட்டு, மாலையிலும் இரவிலும் அம்மாவிடம் ஈடுகட்டுவது சகஜம். ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்தால் பயமில்லை. நனைவது குறைந்து, சிறுநீர் அடர் மஞ்சளாகி, குழந்தை துவண்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வெயிலில் ஐந்து மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், அளவு கூடினால் ரத்தத்தில் சோடியமும் இறங்கும். அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கியபின் கப்பில் சில மிடறு.

காப்பகத்தில் மகனை விட்டுக் கிளம்பினால் கதறுகிறான். வயது ஒன்றே கால். அவன் விளையாடும்போது சொல்லாமல் நழுவிவிடலாமா?

கூடாது. அன்றைக்கு உங்களுக்கு அழுகை கேட்காது, அவ்வளவே. அடுத்த நாளிலிருந்து நீங்கள் எந்த நிமிடமும் மறையக்கூடியவர் என்ற கணக்கோடு வீட்டில்கூட முந்தானையை விடமாட்டான். பிரிவுப் பயம் சுமார் எட்டு மாதத்தில் தலைகாட்டி, பத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் உச்சத்தில் இருக்கும். நீங்கள் சரியாக அந்த உச்சத்தில் நிற்கிறீர்கள்.

படிப்படியாகப் போங்கள். முதல் இரண்டு நாள் அரைமணி நேரம், நீங்களும் உள்ளேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருங்கள். அவனோடு விளையாடாதீர்கள், விளையாட்டு அங்குள்ளவரோடு நடக்கட்டும். மூன்றாம் நாள் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு ஒரு மணி நேரம், சாப்பாட்டு வேளை தாண்டி, கடைசியாகப் பகல் தூக்கம். அங்கே தூங்கி எழுந்துவிட்டான் என்றால் பெரும்பகுதி முடிந்தது. விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள், தினமும் ஒரே மாதிரி: ஒரு முத்தம், ஒரே வாக்கியம், கையசைப்பு. திரும்பி வந்து எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அடங்கிய அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். “அஞ்சு மணிக்கு வர்றேன்” என்பது அவனுக்குப் புரியாது. “தூங்கி எழுந்ததும் வர்றேன்” என்பது மெல்ல மெல்லப் புரியும். துவைக்காத உங்கள் துப்பட்டாவோ பழைய சட்டையோ ஒன்றைப் பையில் வையுங்கள். கைக்குழந்தைகள் தூங்கும் இடத்தில் மட்டும் துணி கூடாது.

நாலு வயது மகள் கோடை முழுக்கப் பத்தரைக்குப் படுத்து எட்டரைக்கு எழுகிறாள். மனைவி வேலைக்குச் சேர்ந்ததும் ஆறரைக்கு எழுப்ப வேண்டும். ஒரு வாரம் போதுமா?

போதாது, சார். இரண்டு மணி நேரத்தை நகர்த்த வேண்டும். இரண்டு நாளைக்கு 15 நிமிடம் என்றால் எட்டுப் படி, 16 நாள். காலைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தூக்கம் வராத குழந்தையைச் சீக்கிரம் படுக்க வைத்தால் ஒரு மணி நேரப் புரளல்தான் மிஞ்சும். சீக்கிரம் எழுப்பி, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் படவிட்டால் இரவுத் தூக்கம் தானாக முன்னால் வரும். மாலையில் வெளிச்சம் நீளும் காலமென்றால் படுக்கையறைக்குத் தடித்த திரை, படுக்குமுன் ஒரு மணி நேரம் டிவியும் போனும் வேண்டாம்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ஆறரைக்கு எழ வேண்டுமானால் எட்டு, எட்டரைக்கு விளக்கு அணைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு மணி நேரம் கூடத் தூங்கவிட்டால் சில படி பின்னே போய்விடுவீர்கள்.

காற்றடைத்த சின்னக் குளம் வாங்கியிருக்கிறோம். கையில் காற்றுப் பட்டை மாட்டினால் போதும்தானே?

அது விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனம் அல்ல. நழுவும், காற்று இறங்கும். சின்னக் குழந்தைக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே ஆபத்து. மூழ்கும் குழந்தை கூச்சலிடாது, கையை அடிக்காது, சத்தமே இல்லாமல் நடந்துவிடும். ஆகவே ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், போன் இல்லாமல். நான்கு பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் ஒருவரும் பார்க்காமல் போகிறது. “இப்போது நான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை மாற்றுங்கள். விளையாட்டு முடிந்ததும் குளத்தைக் கவிழ்த்துவிடுங்கள், வாளிகளையும்.

குழந்தையைக் காப்பகத்தில் விடுவது என் பொறுப்பு. பின் சீட்டில் தூங்கிவிட்டால், வேலை நினைப்பில் மறந்து நேரே ஆபீஸ் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மிகையா?

மிகையே அல்ல. பழகிய வழியில் கை தானாக வண்டியைத் திருப்பும், புதிய நிறுத்தம் அந்தப் பழக்கத்தில் இன்னும் சேர்ந்திருக்காது. நல்ல பெற்றோருக்கும் நடந்திருக்கிறது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 11 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசமில்லை. குழந்தையின் உடம்பு பெரியவரைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஞாபகத்தை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். அது இல்லாமல் வேலை ஓடாத ஒரு பொருளை, போனையோ அடையாள அட்டையையோ, தினமும் குழந்தையின் அருகில் பின் சீட்டில் வையுங்கள். குழந்தை வரவேண்டிய நேரத்துக்குக் கால் மணி நேரம் தாண்டினால் உங்கள் இருவருக்கும் போன் செய்யும்படி காப்பகத்திடம் சொல்லி வையுங்கள். விட்டதும் மனைவிக்கு ஒரு செய்தி; வராவிட்டால் அவர் அழைக்க வேண்டும். கடைசி வாரத்தின் இரண்டு ஒத்திகைக் காலைகளில் இதையும் சேர்த்தே ஒத்திகை பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். வீட்டு வாசலில் செருப்பு மாட்டிய பிறகு டயப்பர் நனையும் அந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் வையுங்கள்.

காப்பகத்தில் சேர்த்த முதல் வாரமே சளி, காய்ச்சல். வேலையில் சேரும் வரை நிறுத்திவைக்கவா?

நிறுத்தினால் அதே சளி வேலையில் சேர்ந்த வாரத்தில் வரும். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறிலிருந்து எட்டுச் சளி சாதாரணம், காப்பகத்தின் முதல் ஆண்டில் இன்னும் கூடலாம். லீவு இருக்கும்போது ஒன்றிரண்டு வந்துபோவது உங்களுக்கு நல்லதுதான். காய்ச்சல் விட்டு, நன்றாகக் குடித்து விளையாடத் தொடங்கியதும் அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் கழித்து என்பதைக் காப்பகத்தின் விதியைக் கேட்டுச் செய்யுங்கள். முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: குழந்தைக்கு முடியாத நாளில் முதலில் யார் லீவு போடுவது, அவரால் முடியாவிட்டால் யார் என்று இரண்டு பெயரை இன்றே காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். காலை ஏழு மணிக்கு, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய பேச்சு அல்ல அது.

திங்கட்கிழமை சேரச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

புதன் அல்லது வியாழன் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் வார இறுதி வந்துவிடும். எந்த நேரத்துக்கு மார்பு கனக்கிறது, எத்தனை மில்லி மிஞ்சுகிறது, காலையில் எந்த இடத்தில் தாமதமாகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும், சனிக்கிழமை உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம்.